ஆறு பேர் ஓட்டிய விண்கப்பல்

ஆறு பேர் சேர்ந்து வாங்கிய ஒரு விண்கப்பலை அவர்களிடமிருந்து பறித்து இன்னொருவருக்கு விற்றேன். ஏன் என்று கேட்க அவர்கள் வந்தபோது, முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். பெருமைப்படும்படி நாலைந்து விஷயங்களை யோசித்துப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் கடைசியில் இதில் வந்து முட்டியது. அதனால் இதையே எழுதுகிறேன்.

கப்பல் என்றால் திரையில் மட்டும் இருந்த கப்பல். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் இணையத்தில் விளையாடிய ஒரு விண்வெளி விளையாட்டு. அதில் பறக்கும் கப்பல்களை நாங்கள் உண்மையான பணத்துக்கு விற்றோம். உங்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. அன்று என் மனைவிக்கே என்னால் விளக்க முடியவில்லை. "கையில குடுக்க மாட்டீங்க, வீட்டுக்கும் அனுப்ப மாட்டீங்க. அப்புறம் என்னத்ததான் விக்கிறீங்க?" என்று கேட்டாள். 

அதற்கு முன் இருபத்தாறு வருடம் ஓசூரில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவில் கடிதம் எழுதினேன். ஆங்கில இலக்கியம் படித்தவன், எழுதியதெல்லாம் "தங்கள் மேலான கடிதம் கிடைக்கப் பெற்றோம்" வகைதான். தொழிற்சாலை விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரிந்தவர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு டயர் ரீட்ரெடிங் கடையின் மாடிப்படி ஏறினேன். மேலே பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் முப்பதுக்குக் கீழே. பெங்களூரில் வாடகை கட்டுப்படியாகாமல் முதலாளி எல்லை தாண்டி அலுவலகத்தை இங்கே கொண்டு வந்திருந்தார். கீழேயிருந்து ரப்பர் வேகும் வாசனை நாள் முழுக்க வரும். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் நான் அந்த மாடியில்தான் இருக்கிறேன்.

எனக்கு மேலதிகாரியாக இருந்த பெண்ணுக்கு இருபத்தேழு வயது. ஆனேக்கல்லிலிருந்து தினமும் அத்திப்பள்ளி வந்து பஸ் மாறி வருவார். வீட்டில் கன்னடம், எங்களிடம் அவரே தைத்துக்கொண்ட ஒரு தமிழ். அரட்டைப் பெட்டியில் கோபமாக எழுதும் வாடிக்கையாளருக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது அவர்தான். "அவங்க வேகத்துக்கு டைப் பண்ணாதீங்க சார். உங்க வேகத்துக்கு அவங்களக் கொண்டு வாங்க" என்பார். அவர் பெயரை இங்கே எழுத அவர் அனுமதிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை.

நான் செய்த ஒரே புதுமையைச் சொல்லிவிடுகிறேன். பழைய பழக்கத்தில், கப்பல் வாங்கிய ஒரு வெளிநாட்டுக்காரருக்கு டெலிவரி சலான் தயாரித்துவிட்டேன். உடற்பகுதி எண், நிறம், எஞ்சின் வகை, "நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்ற வரி, கீழே ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப். அதைத் தபாலில் அனுப்பியதைப் பார்த்து அலுவலகமே சிரித்தது. மூன்று வாரத்தில் அந்த மனிதர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிப் படம் எடுத்து அனுப்பினார். அதன்பின் சலான் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. கையில் பிடிக்க முடியாத பொருளுக்குக் கையில் பிடிக்க ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது. சிரித்தவர்களே எனக்குப் புது ஸ்டாம்ப் செய்து கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடங்கள்தான் என் பணிக்காலத்தின் மிக மகிழ்ச்சியான காலம்.

அப்புறம் தாய்க்கப்பல் வந்தது. சிறு கப்பல்கள் பத்துப் பன்னிரண்டைத் தன் வயிற்றுக்குள் ஏற்றிக்கொள்ளும் பெரிய கப்பல். மொத்தமே பன்னிரண்டுதான் விற்பது என்று அறிவித்தோம். ஒன்றின் விலை ஒரு புது மொபெட்டின் விலை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருப்பவர்கள் வாங்குவார்கள் என்று காத்திருந்தோம். எட்டாவது கப்பலை வாங்கியவர்கள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

ஆறு பேர். சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சீருடையோடு வந்து, செருப்பையும் ஷூவையும் வாசலிலேயே வரிசையாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கடன் அட்டை யாரிடமும் இல்லாததால் நேரில் வர வேண்டியிருந்தது. முன்னால் நின்று பேசியவன் முத்துராஜ், சாத்தூர்ப் பக்கத்துக்காரன். ஐந்து பேர் வெளிமாவட்டம், எல்லோரும் பாகலூர் ரோட்டில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒருவன் மட்டும் இந்த மாவட்டம், சாமல்பட்டிக்காரன். அவன் பெயர் சக்திவேல்.

படிவத்தை நீட்டினேன். முத்துராஜ் அதை இரண்டு முறை படித்தான்.

"சார், பேரு எழுத ஒரு கட்டந்தான் இருக்கு. நாங்க ஆறு பேரு."

விதி எனக்குத் தெரியும். ஒரு கணக்கை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மீறினால் நிறுவனம் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த விதியை ஆங்கிலத்தில் எழுதியதே நான்தான். ஆனால் விற்பனை கை நழுவிப் போய்விடுமோ என்ற சின்னப் பதற்றம்.

"ஒரு பேரப் போடுப்பா, போதும். யாரு ஓட்டுனா என்ன, யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

அவன் தன் பெயரை எழுதினான். கப்பலுக்கு வைக்கும் பெயருக்கு அங்கேயே சீட்டுக் குலுக்கினார்கள். சக்திவேலின் சீட்டு வந்தது. அவன் எழுதியிருந்தது "சாமல்பட்டி". மற்றவர்கள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "எங்கூரு ஸ்டேஷன்ல பாசஞ்சர் தவிர ஒண்ணும் நிக்காதுங்க. எங்கூரு பேருல ஒண்ணு எங்கெங்கயோ போய் நிக்கட்டுமே" என்றான் அவன்.

அப்படியே நின்றது. மற்ற பதினொரு தாய்க்கப்பல்களும் சண்டைக்குப் போயின, அல்லது அலங்காரமாகத் துறைமுகத்தில் கிடந்தன. சாமல்பட்டி பழுதான வண்டியை இழுத்து வரும் வேலை பார்த்தது. விளையாட்டில் தூரமாகப் போய் எரிபொருள் தீர்ந்து நிற்கிறவர்கள் நிறைய. செய்தி அனுப்பினால் சாமல்பட்டி வந்து அவர்களை வயிற்றில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்தில் இறக்கிவிடும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வரும். ஏனென்றால் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட் மாறுவதுபோலக் கப்பலிலும் இவர்கள் மூன்று ஷிஃப்ட் வைத்திருந்தார்கள். எந்த நேரமும் இரண்டு பேர் வேலையில், இரண்டு பேர் தூக்கத்தில், இரண்டு பேர் பிரவுசிங் சென்டரில். கணினிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு எழுதி வைப்பான்: யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எத்தனை மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது இயந்திரத்தை ஒப்படைக்கும் அதே முறை.

வெளிநாட்டுக்காரர்கள் எனக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்த மாலுமி தூங்கவே மாட்டாரா, சாமல்பட்டி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். மிகக் குறைவான ரயில்கள் நிற்கும் ஒரு நிலையம் என்று பதில் எழுதியிருக்கிறேன். மாதம் ஒருமுறை முத்துராஜ் அலுவலகத்துக்கு வந்து, யாரை எங்கிருந்து மீட்டோம் என்று உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவான். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது மட்டும் கொஞ்சம் இடைவெளி விழுந்துவிடுகிறது, கார்டு அடித்து பஸ் பிடித்து வருவதற்குள் அரை மணி ஆகிவிடுகிறது, அந்த அரை மணி கப்பலில் ஆள் இருப்பதில்லை என்று ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டான். நான் அவர்களை ரசித்தேன். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிடிக்காதவர்களுக்குச் செய்த துரோகம் அல்ல இது.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு முதலாளி தொலைபேசியில் வந்தார். வெளிநாட்டில் ஒரு பெரிய வாடிக்கையாளர். எங்களிடம் இருந்த எல்லா வகைக் கப்பலும் அவரிடம் இருந்தது, தாய்க்கப்பலைத் தவிர. பன்னிரண்டும் விற்றுப் போயிருந்தன. பதின்மூன்றாவது செய்தால் அறிவித்த வாக்கு போகும். சாயங்காலத்துக்குள் ஒன்று கிடைத்தால் இன்னும் நிறைய வாங்குவார், இல்லாவிட்டால் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார். "நீங்க பெரியவரு. ஏதாவது வழி பாருங்க" என்றார்.

அவ்வளவுதான். என் வேலை போகும் என்று யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்று சொல்ல ஒரு சாக்காவது இருந்திருக்கும். பதினான்கு இளைஞர்கள் இருக்கும் இடத்தில் வழி கண்டுபிடிப்பவன் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் மேலதிகாரி அன்று தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் இருந்தார். அவர் இருந்திருந்தால் நாளை பதில் சொல்கிறோம் என்று எழுதச் சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்குத் தோன்றவில்லை. அவசரம் என்று உங்களிடம் சொல்லப்படுவதில் பாதி அடுத்தவருடைய அவசரம். உங்களுக்கும் அது அவசரமா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

எனக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. ஒரு கணக்கு, ஒரு நபர். நான்கு பத்தியில் ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய மிகச் சுத்தமான ஆங்கிலம் அதுதான். "இருபத்து நான்கு மணி நேரமும் கணக்கு பயன்பாட்டில் இருப்பது ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இதைப் பயன்படுத்துவதைக் காட்டுகிறது" என்று ஏதோ துப்பறிந்து கண்டுபிடித்தவன்போல எழுதினேன். கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தருவதாக ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி இருப்பதால் அநியாயம் எதுவும் நடக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு இரண்டு மணி ஆகும்வரை காத்திருந்தேன். கப்பலில் ஆள் இல்லாத அந்த அரை மணிக்காக. ஆள் இருந்தால் கேள்வி வரும், அழுகை வரும், வேலை கெடும். இரண்டு ஐந்துக்கு, கப்பலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு பத்துக்குக் கப்பலின் பக்கவாட்டிலிருந்து "சாமல்பட்டி" என்ற எழுத்துகள் போய்விட்டன. முதலாளி தொலைபேசியில் என்னைப் பாராட்டினார். அலுவலகத்துக்கு மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார்.

அவர்களே நம்பி என்னிடம் சொன்ன ஒரு தகவலை அவர்களுக்கு எதிராக நான் பயன்படுத்திய விதம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது. வாடிக்கையாளர் எப்போது தூங்குகிறார், எப்போது சம்பளம் வாங்குகிறார், எப்போது மனசு தளர்ந்திருக்கிறார் என்று உங்கள் திரை இப்போது உங்களுக்குக் காட்டும். எனக்கு ஒரு பையன் வாயால் சொன்னான். வித்தியாசம் அவ்வளவுதான்.

மறுநாள் மூன்று மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். முத்துராஜ், சக்திவேல், கூட இன்னொருவன். மேலதிகாரி திரும்பி வந்திருந்தார். கையில் மருதாணி. கடிதத்தின் நகலை முத்துராஜ் நாலாக மடித்துக் கொண்டு வந்திருந்தான்.

"சார், நாங்க ஆறு பேருன்னு உங்ககிட்ட சொன்னோம்ல. நீங்கதான ஒரு பேரு போதும்னீங்க?"

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அப்படி சொன்னீங்களா?"

 நான் சொன்னேன்: "இல்லம்மா. நான் அப்படி எதுவும் சொல்லல."

முத்துராஜ் என்னையே பார்த்தான். கோபம் இல்லை. கணக்கு தப்பாக வந்துவிட்டதைச் சரிபார்க்கிற பார்வை. சக்திவேல்தான் பேசினான்.

"விடுண்ணா. சாருகிட்ட தெனம் எத்தன கப்பலு வருது, போவுது. நம்முளுது அவருக்கு ஞாபகம் இருக்குங்களா."

முத்துராஜ் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கப்பலைக் கேட்கவில்லை. "சார், ஒரே ஒரு விஷயம்" என்றான். "ஒருத்தர் நேத்துல இருந்து தூரமா மாட்டிட்டு நிக்காரு. ரெண்டரைக்கு வாரோம்னு நோட்டுல எழுதியிருக்கு. புது ஆளு. வேற கப்பல் கூப்பிட அவருக்குத் தெரியாது. அவர மட்டும் உங்க ஆளுங்க யாரையாவது விட்டு இழுத்துட்டு வரச் சொல்லுங்க." இடத்தின் குறியீட்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்தான். வாசலில் உட்கார்ந்து மூன்று பேரும் ஷூ மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை.

அன்று நாலு மணிக்கு ஊழியர்களுக்கான கப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். மூன்று வருடமாகக் கப்பல் விற்றவன், ஒரு முறைகூட ஓட்டியதில்லை. துறைமுகத்தை விட்டு வெளியே வரவே இருபது நிமிடம். இரண்டு முறை பாறையில் மோதினேன். பின்னால் நின்று பார்த்த பையன்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஏழு மணிக்கு அந்த இடத்தை அடைந்தேன். அந்த மனிதர் இன்னும் அங்கேயே இருந்தார். சாமல்பட்டி எங்கே என்று கேட்டார். வராது, நான் வந்திருக்கிறேன் என்றேன். அப்போதுதான் தெரிந்தது, ஊழியர் கப்பலில் இழுத்து வரும் கொக்கியே கிடையாது. அவர் ஒன்றும் திட்டவில்லை. பரவாயில்லை என்று எழுதிவிட்டுத் தன் கப்பலைத் தானே வெடிக்க வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் இழந்து முதலிலிருந்து தொடங்கப் போனார்.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் டிபன் டப்பாவை மூடி வைத்தார். "எனக்கு நேத்தே தெரியும் சார். நீங்களே கப்பல எடுத்துக்கிட்டு போனீங்களே" என்றார். பிறகு, "எனக்கு ஏன் சொல்றீங்க? என்கிட்டயா எடுத்துக்கிட்டீங்க?" என்றார்.

அதற்குப் பின்னும் ஏழு வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். சிப்காட் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். ஏழாவது வாரம், முதலாளியைக் கேட்காமல், அந்தக் கப்பலை வாங்கிய வெளிநாட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இந்த முறை நல்ல ஆங்கிலம் வரவில்லை. மூன்று நாளில் பதில் வந்தது. கப்பலைத் துறைமுகத்தைவிட்டு அவர் வெளியே எடுத்ததே இல்லை. பிடுங்கிய பொருளை விற்றிருக்கிறீர்கள், உரியவர்களிடமே போகட்டும், போகாவிட்டால் எல்லா விளையாட்டாளர்களுக்கும் இதை எழுதுவேன், இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார். முதலாளி பெங்களூரிலிருந்து நேரில் வந்தார். குரலை உயர்த்தவில்லை. என்னை அந்த வாரத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார். எதிர்பார்த்ததுதான். ஸ்டாம்பை மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கினேன்.

விதியை மாற்றியது மேலதிகாரி. "பத்துக் கப்பல வயித்துல ஏத்துற கப்பலுக்கு ஒரு ஆளு போதும்னு யாரு எழுதினது?" என்று கூட்டத்தில் கேட்டாராம். தாய்க்கப்பல்களைக் குழுவாகப் பதிவு செய்யலாம் என்று ஆனது. "ஆய்த்து சார். பேப்பர் ரெடி. இனி நீங்க போய்ப் பேசுங்க" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

இரண்டு மணி ஷிஃப்ட் விடும் நேரத்துக்குத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். முத்துராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். டீக்கடைக்குக்கூடப் போகவில்லை, அங்கேயே சொன்னேன். நீ சொன்னதுதான் சரி, நான் அன்றைக்கு ஒரு பேர் போதும் என்று சொன்னேன், பிறகு எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை என்றேன். கப்பல் திரும்ப வந்திருப்பதையும் சொன்னேன்.

அவன் பெடலைக் காலால் சுழற்றிக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் முடிந்து நாலு பேர் ஓசூரைவிட்டே போய்விட்டார்கள், தானும் இன்னொருவனும்தான் மிச்சம் என்றான்.

"நான் மட்டும் இப்ப வாங்கிக்கிட்டேன்னு வைங்க. நீங்க எங்களுக்குப் பண்ணத நான் அவங்களுக்குப் பண்ணுன மாதிரி ஆயிரும். ஆறு பேரும் சரின்னு சொல்லட்டும், பாப்போம்."

தொலைபேசி எண்களைக் கேட்டேன். "நம்பர் தாரேன். நேர்ல போயிச் சொல்லுங்க" என்றான்.

போனேன். திருப்பூரில் ஒருவன், தெற்கே இருவர். ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னால் சுலபமாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஒருவன் நான் முடிக்கும் முன்பே சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

சக்திவேல் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் இருந்தான். சீசன் நேரம். வாசலில் மாம்பழ லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. மதிய உணவு இடைவேளை வரை என்னைக் காக்க வைத்து, முழங்கை வரை மஞ்சளாக வந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

"எனக்கு சரிங்க சார். ஆனா எங்கப்பா இருக்காருங்களே. ஆறு பேரும் சேந்து எங்கயோ காச விட்டுட்டு வந்து கத சொல்றீங்களாடான்னு இன்னிக்கும் கேக்கறாரு. காசு திரும்பி வந்துச்சுன்னாலும் நம்ப மாட்டேங்கறாரு. சாரே சரின்னு சொல்லித்தான் வாங்குனோம்னு நான் சொன்னத அவரு நம்பலைங்க. நீங்க வந்து அவருகிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா?"

அடுத்த ஞாயிறு ஊத்தங்கரை பஸ் பிடித்துச் சாமல்பட்டி போனேன், சக்திவேல் வந்து கூட்டிப் போனான். அவன் அப்பா தக்காளித் தோட்டத்தில் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். நின்றபடியே சொன்னேன். உங்கள் மகன் சொன்னது உண்மை, பொய் சொன்னது நான் என்று. அவர் குச்சியைக் கீழே போட்டார்.

"அது என்னுங்க, வண்டிங்களா?"

"வண்டி மாதிரிதாங்க. பார்க்கத்தான் முடியும்."

"வண்டி எப்படியோ போவட்டும்" என்றார். "பையன் பொய் சொல்லல. இல்லீங்களா?"

"இல்லைங்க. அவன் சொல்லல."

அவர் மகன் பக்கம் திரும்பவில்லை. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் கைகால் கழுவச் சொன்னார். சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். சக்திவேல் பஸ் வரும்வரை என்னோடு நின்றான்.  பஸ் வந்ததும் என் பையை வாங்கி உள்ளே வைத்தான்.

ஆறு பேரும் சரி என்று சொன்ன பிறகு முத்துராஜ் கப்பலைப் பெற்றுக்கொண்டான். பெயர்க் கட்டத்தில் ஆறு பேரையும் எழுதினான். ஆனால் ஓட்ட இரண்டு பேர்தான் இருந்தார்கள். சாமல்பட்டி மறுபடியும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வெளிநாட்டுக்காரர்கள் முன்போல எல்லா நேரத்திலும் கூப்பிட்டார்கள். பாதி அழைப்புகளுக்குப் போக ஆள் இல்லை.

ஒரு நாள் பிரவுசிங் சென்டருக்குப் போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முத்துராஜிடம் விசாரித்தேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்கத்தான் போனேன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "வேலையில்லாமத்தான இருக்கீங்க?" என்றான். "ஒரு ஷிஃப்ட்டு காலியா கெடக்கு. வாரீங்களா?"

பதினோரு மாதம் அந்த ஷிஃப்ட்டைப் பார்த்தேன். முத்துராஜே ஓட்டக் கற்றுக் கொடுத்தான். நான் மெதுவாக வருகிறேன் என்று நிறையப் புகார்கள் வந்தன. ஆனாலும் வருவதாகச் சொன்ன எவரையும் நடுவழியில் விட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ இருட்டில் நிற்க, அவரைத் தேடிப் போய்க் கதவைத் திறந்து உள்ளே ஏற்றிக்கொள்வது என்ன என்பதை, அத்தனை கப்பல்களை விற்று முடித்த பிறகுதான் நான் அறிந்தேன். பிறகு நிறுவனம் நொடித்தது. விளையாட்டை மூடிவிட்டார்கள். எல்லாக் கப்பல்களும் ஒரே நாளில் போயின.

அந்தப் பதினோரு மாதத்தில் கடவுச்சொல்லை முத்துராஜ் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் ஷிஃப்ட் தொடங்கும்போது அவனே வந்து திறந்து கொடுப்பான். அவனுக்குக் காலை ஆறு மணி வேலை இருக்கும் வாரங்களில், ஐந்தேகாலுக்கே பனியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவான். உட்காரக்கூட மாட்டான். நின்றபடி, இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, வலது கையால் தட்டுவான். கப்பல் திறந்ததும் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவான்.